அத்தையைக் கண்டு குரைக்காத நாய்

என் பையன் ஒரு மாதமாக நாய் வேண்டும் என்று நச்சரிக்கிறான். போனில் படம் படமாகக் காட்டுகிறான். காது தொங்கியது, முடி புசுபுசுவென்று இருப்பது, பனிப் பிரதேசத்தில் வண்டி இழுப்பது. வீட்டுக்காரரோ, "உனக்குத்தான் நாயப் பத்தித் தெரியுமே, நீயே முடிவு பண்ணு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாய். அதை எங்கள் வீட்டுக்கு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் பிடரியில் சில்லென்று ஏதோ ஊர்கிறது. அந்த நடராசப் பெருமான் சாட்சியாக ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்கிறேன்.

அப்போது சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். வீடு முன்பக்கம் குறுகல், பின்பக்கம் நீளம். கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்தால் வாய்க்கால் ஓரமாகவே பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடலாம். அப்பா கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருந்தார். விபூதி இல்லாத நெற்றியோடு நான் அவரைப் பார்த்ததில்லை.

கூடத்துச் சுவரில் அத்தையின் படம் மாலையோடு தொங்கியது. அப்பாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை அப்பாதான் தோளில் போட்டு வளர்த்தாராம். கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, மார்கழித் திருவாதிரைக் கூட்டத்தில் ஊரே நிரம்பியிருந்த சமயத்தில்தான் கடல் பொங்கி வந்தது. அதற்குப் பிறகு அத்தை வரவில்லை. தெருவில் ஒவ்வொருவராக வந்து துக்கம் கேட்டார்கள். அப்பா வாயே திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். உடம்பு கிடைக்காமலே காரியம் நடந்தது. ஈர வேட்டியோடு வந்து அவர் படத்துக்கு மாலை போட்டதை நான் தூணைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அத்தைக்குப் படையல். "செத்தவுங்க இன்னிக்கு வந்து சாப்பிட்டுப் போவாங்க பாப்பா" என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். மத்தியானம் கூடத்தில் ஒரு இலை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லையில் இன்னொரு இலை. சின்ன வயதில் போனவர்களுக்கு அப்படித்தான் போட வேண்டும் என்றும், அது தன் பிறந்த வீட்டு வழக்கம் என்றும் அம்மா சொன்னாள். அந்த நேரம் அப்பா கடையில் இருப்பார். அமாவாசைக் கூட்டத்தை விட்டு வர முடியாது.

அடுத்த வருடம் ஆனியில் எங்கள் சந்தில் இரண்டு வீட்டில் பித்தளைக் குடங்கள் களவு போயின. இரண்டுமே கொல்லை வழியாக. அப்பா நாய் வாங்குவது என்று முடிவு செய்தார். நாய் விஷயத்தில் எங்களுக்கு எல்லாம் தெரிந்தவர் பண்ருட்டி மாமா, அம்மாவின் தம்பி. பலாப்பழ மண்டியில் இருந்தாலும் பேசுவது பூராவும் நாயைப் பற்றித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டை முன்னும் பின்னும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

"நாய்னா சும்மா அழகப் பாத்து வாங்கக் கூடாது மாமா. எடம் எவ்வளவு, என்னா சாப்பாடு, பகல்ல யாரு வீட்ல இருக்காங்க, எல்லாம் பாக்கணும்" என்றார் அப்பாவிடம்.

"சாப்பாடுதான் மச்சான் கஷ்டம். நம்ம வீட்ல முட்டை கூட நுழையாது. தயிர்சோறு திங்கிற நாயாப் பாருங்க."

"அப்ப டாபர்மேன் ஆவாது. அல்சேஷனுக்கு இந்த வெயில் தாங்காது, நாக்கத் தொங்கப் போட்டுக்கினு கெணத்தடியிலயே கெடக்கும். பொமரேனியன் வாங்கிடுங்க. இத்துனூண்டு இருக்கும், ஆனா எல விழுந்தாக் கூட கத்தி ஊரக் கூட்டிடும்."

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அதுவரை காபியை ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, "கொரைக்காத நாய் எதுனா இருக்குதாடா?" என்று கேட்டாள்.

மாமா சிரித்தார். "பூட்டாத பூட்டு கேக்குறியேக்கா."

"எனக்குத் தலைவலி. நாளெல்லாம் அதோட கெடக்கப் போறது நானா நீயா?"

எங்கள் வீட்டில் எதிலும் தனக்கென்று ஒரு அபிப்பிராயம் சொல்லாதவள் அம்மா. அவள் அப்படிப் பேசியதும் மாமா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். சிப்பிப்பாறை என்று ஒன்று இருக்கிறது, ஒல்லியாக இருக்கும், கூழும் தயிர்சோறும் போதும், வெயில் தாங்கும், ஓட இந்தக் கொல்லை கிடைத்தால் சொர்க்கம், தேவையில்லாமல் வாய் திறக்காது என்றார். அப்பாவுக்கு மனசில்லை. கடைசியில் சாமியிடமே கேட்டுவிடுவது என்று ஆயிற்று. பைரவர் சன்னதியில் இரண்டு பூப் பொட்டலம். செம்பருத்தி வந்தால் பொமரேனியன், நந்தியாவட்டை வந்தால் சிப்பிப்பாறை. அம்மா பொட்டலம் கட்டினாள், நான் எடுத்தேன், நந்தியாவட்டை வந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது அம்மா மற்ற பொட்டலத்தைப் பிரித்துப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது. சிவப்பு கூட வெள்ளையாகிவிட்டதே, சாமிக்கு எவ்வளவு சக்தி என்று நான் வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தேன்.

நாய் சாம்பல் நிறம். பைரவன் என்று பேர் வைத்தோம். விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கும், நடந்தால் சத்தம் கேட்காது. நாம் பார்க்காத ஒன்றை எப்போதும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். பகலில் கூட அதன் பக்கத்தில் தனியாக உட்கார எனக்குப் பயம்.

ஆடி அமாவாசை அன்று சாயங்காலம் அம்மா இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் சமையலறை ஜன்னலில் இருந்தேன். பைரவன் படுத்திருந்தவன் எழுந்தான். காதுகள் பின்னால் போயின. தகரக் கதவையே பார்த்தான். குரைக்கவில்லை. வாலை மட்டும் மெதுவாக ஆட்டினான். அப்புறம்தான் துவைக்கிற கல்லின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு இலையிலிருந்து அள்ளி அள்ளித் தின்றது. அம்மா அதன் தலைமயிரைத் தடவிக்கொடுத்தாள். ஒரு வாய்த் தண்ணீருக்காக அது நிமிர்ந்தபோது, கூடத்துப் படத்தில் இருக்கிற அதே முகம்.

நான் அலறவில்லை. அப்பா சொன்னதுதானே, வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று. எனக்குப் பயமெல்லாம் வேறு. செத்தவர்கள் பிரியமானவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அத்தை போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அதோடு தகரக் கதவு வரைக்கும் போனாள். கதவுக்கு அந்தப் பக்கமும் போனாள். நான் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு பஞ்சாட்சரம் சொன்னேன். அம்மா திரும்பி வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. எனக்கு மூன்று நாள் ஜுரம்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தைக்குக் கோபம் வந்து அம்மாவைக் கையோடு கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். நாய் ஒரு தடவை குரைத்தால் போதும், பேய் ஓடிவிடும். ஆனால் அம்மா சாமியை வைத்து வாங்கிய நாய் வாயே திறக்காத நாய். ஆவணி அமாவாசைக்கும் அது வாலைத்தான் ஆட்டியது. அத்தையின் வயிறு அப்போது பெரிதாகியிருந்தது. எங்கள் வீட்டுப் படையலைத் தின்றுதான் இப்படிப் பருத்துவிட்டது என்று நினைத்தேன். நன்றாகச் சாப்பிட்டால் அம்மாவை விட்டுவிடும் என்று, என் பங்கு வடையையும் அந்த இலையில் வைத்தேன். அம்மா என்னை இழுத்து உச்சி முகர்ந்தாள். அவள் கண் ஏன் கலங்கியது என்று தெரியவில்லை.

மகாளய அமாவாசை அன்று மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைத்த சற்று நேரத்தில் கொல்லைப் பக்கமிருந்து கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய. மழையில் கூட்டம் இல்லாததால் அப்பா கடையைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே நேராகக் கொல்லைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

தாழ்வாரத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாக வளையல்கள். அம்மாவின் கையில் சந்தனக் கிண்ணம். அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். அப்போதுதான் பைரவன் எழுந்து, அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்று உறுமினான். அந்த நாயின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் சோறு போட்டவரைப் பார்த்து. அப்பா அப்படியே நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு உள்ளே போய், படத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். "பொணத்துக்கு யாருங்க வளையல் அடுக்குவாங்க? ஏழு மாசம் அவளுக்கு. அண்ணன் வீட்டுச் சோறு வேணும்னு அவ்வளவு தூரத்துலேருந்து பஸ்ஸேறி வர்றா."

"அவ செத்துட்டா" என்றார் அப்பா.

"சரி. செத்தவளுக்குத்தான் சோறு போட்டேன். நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்."

இந்தப் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அத்தையைக் கடல் கொண்டுபோகவில்லை. கடல் வருவதற்கு முன்பே கடலூரில் ஒரு கிறிஸ்தவப் பையனோடு சர்ச்சில் மாலை மாற்றிக்கொண்டுவிட்டாள். அப்பா அன்றைக்கே தலை முழுகிவிட்டார். பிறகு ஊர் கடலைச் சொன்னபோது, அவமானத்துக்கு அது மறைவாக இருக்கட்டும் என்று சும்மா இருந்துவிட்டார். தலைமுழுகிவிட்ட பெண்ணைத் திரும்ப வீட்டுக்குள் அழைக்க எங்களில் வழியில்லை. இதெல்லாம் எனக்கு விவரம் வந்த பிறகு அம்மா சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை செத்தது நிஜம், அம்மாவே அதை ஒப்புக்கொண்டாள் என்பதுதான்.

அடுத்த அமாவாசை வந்தது. அப்பா கடைக்குப் போகவில்லை. சாயங்காலம் கொல்லைக்குப் போய் பைரவனை அவிழ்த்து முன்பக்கம் கொண்டுவந்து வாசற்படியில் கட்டினார். "பின்னாடி யாருங்க பாத்துப்பாங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "பின்னாடி காவல் வேணாம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பூஜை அறைக்குள் ஓடினாள். பயந்துதான் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

உறுமவாவது தெரிந்த ஒரே ஜீவனை முன்னால் கொண்டுபோய்க் கட்டிவிட்டாரே. ஸ்டூலைப் போட்டு ஏறி, கொல்லைக் கதவின் மேல்தாழைப் போட்டேன். சத்தம் கேட்டு அப்பா வந்தார். என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, தாழை எடுத்துவிட்டு, கதவை அகலத் திறந்து வைத்தார். "அத்தை வந்து அம்மாவக் கூட்டிக்கினு போயிடும்ப்பா" என்று அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார். விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, திரும்பிப் போய் வாசற்படியில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்தார். "வீட்ல உடம்பு சரியில்ல, அப்புறமா வாங்க" என்று படியேறவிடாமல் அனுப்பிவிட்டார்.

நான் போய் அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். தெருவில் விளக்கு எரிந்தது. கொல்லைப் பக்கம் தகரக் கதவு கிறீச்சிட்டது. பிறகு வளையல் சத்தம். பைரவனின் காதுகள் மட்டும் பின்னால் திரும்பின. அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய்க்குக் கேட்கிறது, பாவம் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.