மிக்சரில் கேட்ட கரகரப்பு

எண்பதுகளின் நடுவில் நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். காலையில் ஃபெரியில் அக்கரைக்குப் போய், மாலையில் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்புவேன். என் மனைவி துறைமுகத்தில் கிளார்க். வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் அவள்தான் முதல் குரல். எல்லாருக்கும் ஒரே மைக் என்பதால் ஆர்மோனியத்திலும் தபேலாவிலும் அவள் பாட்டு அமுங்கிப் போகும். நான்கு மைக்குகளின் ஒலியையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர் ஒன்றை நானே செய்வதாகச் சொன்னேன்.

பெட்டியும் குமிழ்களும் சீக்கிரமே தயாராகிவிட்டன. நான்கு ஒலிகளையும் சேர்க்கும் இடத்தில் எந்த ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டைப் போடுவது என்பதுதான் சிக்கல். முதலில் ஒற்றை டிரான்சிஸ்டர் வைத்தேன். ஒரு குமிழைத் திருகினால் பக்கத்து மைக்கின் ஒலியும் குறைந்தது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவளைப் பாடவைத்து கேசட்டில் பதிந்து கேட்டபோது, மேலே போகும் இடங்களில் லேசான கரகரப்பு.

"டிரான்சிஸ்டர் சரியில்ல. ஐசி போட்டா சுத்தமா வரும்," என்றேன்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்க. போதும்லா," என்றாள்.

நான் விடவில்லை. ஐசி வைத்தேன். குமிழ்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. கரகரப்பு மட்டும் போகவில்லை. இரைச்சல் குறைந்த வேறு ஐசி தேடி வாங்கினேன். ரெசிஸ்டர்களை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அதே கேசட்டில், பழையதன் மேலேயே அவள் பாட்டைப் பதிந்தேன். இப்படியே நான்கு மாதம். கரகரப்பு கூடிக்கொண்டுதான் போனது. பாடுவதற்கு முன் அவள் வெந்நீர் குடிக்க ஆரம்பித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மறுபடி சர்க்யூட்டின் மேல்தான் குனிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியக்காரர் வீட்டுக்கு வந்தார். அவரைப் பாடச் சொல்லி அதே கேசட்டில் பதிந்தேன். துல்லியமாக இருந்தது. அவர் கேசட்டை நிறுத்தினார்.

"தம்பி, மிக்சர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. தங்கச்சிய டாக்டர்கிட்ட காட்டுனியா?"

குரல்வளையில் கட்டி. முற்றியிருந்தது. எத்தனை நாளாகக் குரல் இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இப்பத்தான் டாக்டர், கொஞ்ச நாளா."

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் ஆறு வருடம் இருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டினாள். அந்த நான்கு மாதத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடப் பாடக் குமிழ்களைத் திருகிக்கொடுப்பாள். அவள் அளவுக்குச் சரியாக வைக்க எனக்கு வராது.

அவள் கடைசியாகப் பாடியபோது எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. காரியமெல்லாம் முடிந்த வாரம் என்னிடம் வந்து கேட்டாள்.

"அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?"

கேசட்டில் ஆர்மோனியக்காரர் பாட்டுதான் இருந்தது. கொஞ்சம் கனமான குரல், 'ழ' சொல்லும்போது மட்டும் குழையும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பாடியே காட்டலாமென்று ஒரு வரி எடுத்தேன். அதையும் முடிக்க முடியவில்லை.