உப்புத்தண்ணீர் புகுந்த கார்டு

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் என் கடை இருக்கிறது. படம் எடுக்கிறவர்களின் கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் வருகிற கோளாறுகளைப் பார்ப்பது என் வேலை. படம் கேமராவில் தெரியும், கம்ப்யூட்டருக்கு வராது. வந்தாலும் திறக்காது. திறந்தால் பாதி சாம்பல் நிறமாக இருக்கும். முகூர்த்த நாளுக்கு மறுநாள் கல்யாணப் படக்காரர்கள் வரிசையாக மாடியேறி வருவார்கள். எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலக்கா, அதுவா போயிடுச்சு." முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தியவர்களாக இருப்பார்கள். பதினைந்து வருடமாக இதைக் கேட்கிறேன். திட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

கடற்கரைப் படக்காரர்கள் வேறு ரகம். மாமல்லபுரத்தில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் பிடித்து, பைக்கில் கட்டிய சின்ன பிரிண்டரில் அங்கேயே போட்டுக் கொடுப்பவர்கள். அவர்கள் கொண்டுவருகிற லென்ஸைத் திருகினால் மணல் நறநறக்கும். உப்புக்காற்று பட்டுப்பட்டு பட்டன்கள் இறுகிப் போயிருக்கும். அவர்களில் ஒருவர் திருவிடந்தைக்காரர். ஐம்பதை நெருங்கியவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் இளவயதிலேயே கேமராவைப் பிடித்தவர், பிறகு வேறு வேலைக்குப் போனதில்லை. என்னைத் தங்கச்சி என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபத்துக்குப் போய்விட்டு, அந்தச் சட்டையோடே கடற்கரைக்குப் போகிற மனிதர்.

ஒரு திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அரிசிக்குள் கேமரா புதைந்திருந்தது. ஈரம் பட்டால் அரிசியில் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரிசி உப்பை எடுக்காது. லென்ஸைச் சுற்றி மணிகள் ஒட்டி ஊறிப்போயிருந்தன.

"கடல்ல வுழுந்துடுச்சா அண்ணா?"

"வுழல. நான் எறங்குனேன். இது கய்த்துல கெடந்துச்சு."

முந்தின நாள் மத்தியானம் நடந்ததை நின்றுகொண்டே சொன்னார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர். அதில் ஒரு பையன் மட்டும் தனியாக ஒரு படம் வேண்டும், பின்னால் அலை உடைகிற மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எடுத்ததும் மற்ற பிள்ளைகள், "காட்டுங்கண்ணா, காட்டுங்கண்ணா" என்று சூழ்ந்துகொண்டார்கள். வெயிலில் திரை தெரியவில்லை. இவர் கையால் நிழல் மறைத்துக் காட்ட, எல்லோரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்தபோது தண்ணீரில் அவன் இல்லை.

"அல்லாரும் அவன் போட்டோவத்தான் பாத்துகினு இருந்தோம்," என்றார். "அவனப் பாக்கல."

கேமராவைக் கழற்றிக்கூட வைக்காமல் ஓடி இறங்கியிருக்கிறார். அப்புறம் மீனவர்கள் படகு இறக்கினார்கள். விடியும் நேரத்தில் தெற்கே ஒரு குப்பத்தின் ஓரமாக உடல் ஒதுங்கியது. போலீஸ் இவரை ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. கூட வந்த பிள்ளைகள், அவனாகத்தான் இறங்கினான் என்று சொல்லிவிட்டார்கள்.

"கேமரா போனா போவுது தங்கச்சி. கார்டுல கீற படம் வேணும்."

"யாருக்குண்ணா? அவங்க வீட்டுக்கா?"

"எனக்கு. நான் அவன எவ்ளோ தூரம் பின்னால போவச் சொன்னேன்னு எனக்கு நெனப்பே இல்ல. நாள் பூரா அத்தயேதான் சொல்லிகினு கீறேன், இன்னும் கொஞ்சம் பின்னால போ, இன்னும் கொஞ்சம் பின்னால போன்னு. அவனுக்கு எத்தினி தபா சொன்னேன்? அத்த பாக்கணும்."

கேமராவுக்கு உயிர் இல்லை. பேட்டரி அறைக்குள் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. படங்கள் பதிகிற கார்டை எடுத்து உப்பில்லாத தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்தேன். அதன் பொன்னிறக் கோடுகள் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். இப்படி வருகிற கார்டில் அவசரப்பட்டால் இருப்பதும் போய்விடும். நேராகப் படத்தைத் தேடக் கூடாது. முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில்தான் தேட வேண்டும். செருகியதும் கம்ப்யூட்டர் வழக்கம்போல, இதிலிருப்பதை அழித்து ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு 'வேண்டாம்' என்று அழுத்தினேன்.

நகல் ஊர்ந்தது. பாதியில் நின்றுபோனது. மறுபடி துடைத்து மறுபடி செருகினேன். அவர் ஜன்னலோரம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போய் ஆடை கட்டியது.

மத்தியானத்துக்கு மேல் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. யாருடைய குழந்தையோ ஐஸ்க்ரீமோடு. கைகோத்த ஒரு புதுத் தம்பதி. அப்புறம் அவன். ஒல்லியான பையன், மஞ்சள் டிசர்ட், கையிலே செருப்பு. முதல் படத்தில் ஈர மணலில் நிற்கிறான். அடுத்ததில் கணுக்கால் வரை தண்ணீர். அதற்கடுத்ததில் முழங்கால், செருப்பைக் காணோம், இரண்டு கையையும் விரித்திருக்கிறான். கேமரா நின்ற இடம் மாறவே இல்லை. பையன் மட்டும் படத்துக்குப் படம் சிறிதாகிக்கொண்டே போனான். கடைசிப் படத்தில் மேல்பாதி மட்டுமே வந்தது. சிரிக்கிற முகம், தோள், பின்னால் எழும்புகிற அலை. மார்புக்குக் கீழே வெறும் சாம்பல்.

"இதுக்குக் கீய வராதா?"

"வராதுண்ணா. அந்த இடம் கார்டுல செத்துப்போச்சு."

"தண்ணி எதுவரைக்கும் கீதுன்னு தெரிஞ்சா போதும். முட்டியா, இடுப்பா?"

"தெரியாதுண்ணா."

அவர் அந்தச் சாம்பலையே பார்த்தார். பிறகு திரையில் அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார், எதையோ தள்ளி நகர்த்துகிறவர் மாதிரி.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையனின் அம்மா வந்தார். கல்பாக்கத்தில் அலுவலக வேலை. கணவர் இல்லை. வேலை கிடைத்து தெற்கிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கியவர்கள். அவனோடு கடற்கரைக்கு வந்த பிள்ளைகள் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கடற்கரையில் விசாரித்து படக்காரருடைய நம்பரைப் பிடித்திருக்கிறார். இவர் மறுக்க முடியாமல் என் கடையைச் சொல்லி, தானும் வந்துவிட்டார். படக்காரரை வர வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா அழவில்லை. பஸ்ஸில் கசங்கிய புடவையை நீவிவிட்டு உட்கார்ந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. எந்தப் படத்தைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நான் யோசித்திருந்தேன். அவர் கேட்டதும் யோசித்ததெல்லாம் போய்விட்டது.

"எல்லாத்தையும் காட்டுங்க. வரிசையா."

காட்டினேன். அவர் ஒவ்வொன்றிலும் தலையை ஆட்டிய பிறகே அடுத்ததற்குப் போனேன். கடைசிப் படம் வந்ததும் கேட்டார்.

"எதுக்கு இப்படி உள்ள உள்ள போறான்?"

கதவோரம் நின்றவர் ஒரு அடி முன்னால் வந்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தாம்மா சொன்னேன். அலை வரணும், பின்னால போன்னு நான்தான் சொன்னேன்."

 அந்த அம்மா திரும்பி, முதல்முறையாக அவரை நன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்க வேண்டும் என்று எழுந்துகூட நின்றேன்.

"அவன் யார் எது சொன்னாலும் கேப்பான்," என்றார். "சின்னதுலேருந்தே அப்படித்தான்."

 படக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பிவிட்டார். திருவிடந்தைக்காரர் மாடிப்படி இறங்குகிற சத்தம் கேட்டது. இறங்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

"கையை விரிச்சு நிக்கிறானே, அது நல்லா இருக்கு. அந்த முகத்தை மட்டும் பெருசு பண்ணித் தாங்க. காரியத்துக்கு வைக்கணும். பின்னாடி தண்ணி வேண்டாம்."

"எடுத்துடறேம்மா."

"ஒரு சொட்டுகூட வேண்டாம்."

கடலை எடுப்பது சுலபம். பின்னால் இளநீலம் போட்டுவிட்டேன். முகத்தில் இருந்த தண்ணீர்தான் கஷ்டமாக இருந்தது. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து சொட்டியது, புருவத்தில் நின்றது, மேலுதட்டில் மின்னியது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் வெளிச்சம் இருந்தது. பக்கத்துத் தோலை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக மூடினேன். ஈர முடியை உலர்ந்த முடியாக்கினேன். கல்யாணப் பெண்களின் வியர்வையைத் துடைக்கிற அதே வேலைதான். முடித்து நிமிர்ந்தபோது திரையில் வேறு யாரோ மாதிரி ஒரு பையன் இருந்தான். அந்த அம்மா பார்த்துவிட்டு, "ம், சரி," என்றார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுப் போனார்.

திருவிடந்தைக்காரர் அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போகவில்லை. வேறு கேமரா தேடித் தரட்டுமா என்று போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மழைக்காலத்தில் அவருடைய மனைவி வந்தார்.

"வூட்ல பேசறதே இல்லம்மா. சர்ச்சுக்கும் வர்றதில்ல. செவுத்தப் பாத்து உக்காந்துகினு கீறாரு. நீ கூப்ட்டா வருவாரு. எதுனா வேல குடு."

கூப்பிட்டேன், வந்தார். லென்ஸ் துடைப்பது, கேமராவைத் திறந்து மணல் எடுப்பது, இதெல்லாம் அவருக்குப் பழகிய வேலை. சுத்தமாகச் செய்தார். ஒரு நாள் கோவளத்துப் பக்கமிருந்து ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முன் எடுத்த கடற்கரைப் படங்களோடு வந்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் கார்டு திறக்கவில்லை. நான் செருகியதும் படங்கள் திரையில் மடமடவென்று விழுந்தன. அலைக்கு நடுவே அந்தப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் சந்தோஷத்தில் கை தட்டினார்கள். திருவிடந்தைக்காரர் கையிலிருந்த துணியை மேஜைமேல் மடித்து வைத்தார்.

"நான் வர்றேன் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கருங்குழி தாண்டி ஏதோ ஒரு குடோனில் காவலுக்கு இருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். கடலிலிருந்து நல்ல தூரம். ஆனாலும் பேச்சு திரும்பவில்லை என்றார்.