வேலிக்குப் பின்னால் மாமி

மடியில் செருகியிருந்த கொட்டைப்பாக்கை எடுத்து இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள் சுபைறா. தென்னோலைக் கிடுகு வேலியிலிருந்து நாலு எட்டுப் பின்னுக்குப் போய், வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று இருமினாள். எழுபது வயதுக் கிழவியின் இருமல் அது. அதைத் தொடர்ந்து வந்த குரலும் கிழவியுடையதுதான்.

"என்னடி புள்ள, அஞ்சு ரூவாக்கா கேக்காங்க? அஞ்சு ரூவா சாயத்துக்கும் காணாது. பாயச் சுருட்டி உள்ளுக்கு வை."

நாலு எட்டு முன்னுக்கு வந்தாள். பாக்கு மடிக்குப் போயிற்று. இப்போது பேசியது முப்பத்தெட்டு வயதுச் சுபைறா.

"மாமி ஏசுறா தொரை. எனக்கெண்டாக் குடுக்கத்தான் விருப்பம். அவட சொல்லத் தாண்டி நான் ஒண்டும் செய்ய ஏலாது."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் உத்தியோகத்தர். அவருக்கு மனம் இளகிவிட்டது. எட்டு ரூபாயை வேலிக்கு மேலால் நீட்டிவிட்டு, இப்படிப்பட்ட மாமியாரோடு காலம் தள்ளுகிற பெண்ணுக்கு இரண்டு வார்த்தை ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்.

சாய்ந்தமருதில் பெருந்தெருவோரம் இருக்கிற சுபைறாவின் வீட்டுக்கு அந்த வேலிதான் கடை. அந்நிய ஆண்களின் முன்னால் நின்று அவள் பேசமாட்டாள். மூன்று சின்னப் பாய்கள் வேலியில் வெளிப்புறமாகத் தொங்கும். நல்ல பாய்கள் உள்ளே இருக்கும். கேட்டால் வேலிக்கு மேலால் வரும், விலை படியாவிட்டால் வேலிக்கு மேலாலேயே திரும்பிப் போகும். கண் மட்டத்தில் கிடுகுக்குள் ஒரு துவாரம் வைத்திருக்கிறாள். ஈர்க்கு ஒன்றைச் செருகி மூடியிருக்கும் அந்தத் துவாரம், வந்தவரின் சப்பாத்தையும் கைக்கடிகாரத்தையும் பார்ப்பதற்கு. கல்லோயாவில் அணை கட்டத் தொடங்கிய பிறகு தெருவில் கார்கள் கூடிவிட்டன. அணை எழும்புகிற இங்கினியாகலைக்குப் போகிறவர்கள் கல்முனையில் சோடா குடித்துவிட்டு, சாய்ந்தமருதில் பன் என்ற கோரைப் புல்லில் இழைத்த பாய் ஒன்றை வாங்கிச் சுருட்டிக் காரில் வைத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது.

அந்த வீட்டில் மாமி என்று ஒருவரும் கிடையாது. இருக்க வழியும் இல்லை. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். மாமியார் கொடுமை என்று ஒன்று நடக்க வேண்டுமானால் மாமி பஸ் ஏறி வந்துதான் செய்துவிட்டுப் போகவேண்டும். ஊர்க்காரர் யாராவது இந்த இருமலைக் கேட்டால் வயிறு நோகச் சிரிப்பார்கள். அதனால் உள்ளூர் ஆட்கள் வரும்போது பாக்கு மடியை விட்டு எழும்பாது. வெளியூராருக்கு மட்டுமே மாமி.

உண்மையான மாமி நிந்தவூரில் இருந்தவர். நெல்லுக்கு வந்த கோழியைக்கூட விரட்டத் தெரியாத மனுஷி. அவர் மௌத்தாகி நாலு வருடம். அந்தச் சாதுவான மனுஷியின் தலையில் இவ்வளவு வாய்த்துடுக்கையும் கட்டிவிட்டோமே என்று சுபைறாவுக்கு உறுத்தல் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்கு ஒரு யாசீன் ஓதிவிடுவாள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. புருஷன் முகம்மது தம்பி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருடம்தான் சுபைறா பாய் விற்க ஆரம்பித்தாள். முதலாவதாக வந்தவர் இரண்டு ரூபாய் என்றார். மாட்டேன் என்ற சொல் அவளுக்கு வாயில் வரவில்லை. ஒரு மாதத்து வேலையை இரண்டு ரூபாய்க்குக் கொடுத்து, வெயிலில் நிற்கிறாரே என்று ஓர் இளநீரும் வெட்டிக் கொடுத்தனுப்பினாள். கார் போன பிறகு அந்த இளநீர்க் கோம்பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் வளர்ந்துவிட்டவள். சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, உண்டாக்கிக்கொண்டாள்.

இந்த முறை மாமியை நம்பித்தான் கூரையே இருந்தது. மாரி தொடங்க இன்னும் இரண்டு கிழமை. போன மாரியில் ஒழுகிய ஒழுக்கில் சாயம் போட்டு வைத்த பன் முழுவதும் அழுகிப்போயிற்று. கிடுகு விற்கிற அச்சிமுகம்மது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வியாழனுக்குள்ள இருவத்தஞ்சு ரூவா கொண்டா புள்ள. இல்லாட்டிக் கிடுகு கல்முனைக்குப் போயிரும்." இன்றைக்குக் கிடைத்த எட்டு ரூபாய் சாயக்கடைக் கடனுக்கே போய்விடும். இருபத்தைந்து ரூபாய் பெறக்கூடிய பாய் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. நாலு சாயத்தில், ஓரம் முழுக்கக் கொடி ஓடவிட்டு, இரண்டு மாதம் இருந்து இழைத்த பெரிய பாய். இன்றைக்குப் புதன்கிழமை.

உத்தியோகத்தர் போய் ஒரு மணி நேரமிருக்கும், இன்னொரு கார் நின்றது. ஈர்க்கைப் பிடுங்கிப் பார்த்தாள். இறங்கியவர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, கையில் குடை. கும்பகோணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, இலங்கை பார்க்க வந்தவர், பெயர் கோமளவல்லி என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. சின்னப் பாய்களை அந்த அம்மாள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நல்லதாக இருந்தால் காட்டச் சொன்னார். பெரிய பாய் வேலிக்கு மேலால் போயிற்று. அதை விரித்துப் பார்த்த கண் சற்று நேரம் அப்படியே நின்றதைச் சுபைறா துவாரத்தால் கவனித்துக்கொண்டாள்.

"பரவாயில்லை, சுமாரா இருக்கு. பத்து ரூபா தரேன்," என்றார் அம்மாள்.

பாக்கு கன்னத்துக்குள் போயிற்று. இருமல் வந்தது. "பத்து ரூவாவோ? ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிண்டு பன் வெட்டினது ஆரு, அவங்களோ? முப்பத்தஞ்சுக்கு ஒரு சதம் கொறயாது எண்டு சொல்லு."

சுபைறா முன்னுக்கு வந்து மாமி ஏசுவதை எடுத்துச் சொன்னாள். அம்மாளுக்கு மனம் இளகவில்லை. "எனக்கும் கொடுக்க ஆசைதாம்மா. ஆனா எங்க அண்ணா கார்ல உட்கார்ந்திருக்கார். ரொம்பக் கறார் அவர். இரு, கேட்டுட்டு வரேன்."

துவாரத்தில் கண் வைத்துச் சுபைறா பார்த்துக்கொண்டிருந்தாள். கல்முனை வாடகைக் கார்ச் சாரதி றஸாக் முன் ஆசனத்தில் காலை வெளியே போட்டு நித்திரை. பின் ஆசனத்தில் ஒரு தண்ணீர்க் கூஜா மட்டும் இருந்தது. அம்மாள் அந்த ஜன்னலுக்குள் தலையை விட்டார், பத்து எண்ணுகிற நேரம் நின்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பதினஞ்சுக்கு மேல ஒரு காசு கிடையாதுங்கறார் அண்ணா."

சுபைறாவுக்குச் சிரிப்பு முட்டியது. இத்தனை வருடத்தில் தன் ஜாதி ஆள் ஒன்றை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஆனால் வியாழக்கிழமை ஞாபகம் வந்து சிரிப்பை விழுங்கவைத்தது. மாமி முப்பதுக்கு இறங்கினாள். அண்ணா பதினெட்டுக்கு ஏறினார். அதற்கு மேல் மாமியும் அசையவில்லை, கூஜாவும் அசையவில்லை. மூன்றாவது தடவை அம்மாள் காருக்குப் போனபோது றஸாக் விழித்துக்கொண்டு என்னவோ சொன்னான். அம்மாள் நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். பாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே வேலி வாசலான கடப்பைத் தள்ளித் திறந்து உள்ளே வந்துவிட்டார். பெண் வந்தால் தடுக்க எந்த வேலியாலும் முடியாது.

சுபைறா அடுத்த இருமலுக்காக வீட்டுப் பக்கம் திரும்பி நின்றபடியே பிடிபட்டாள். கன்னத்தில் பாக்கு புடைத்துக்கொண்டு நின்றது.

"மாமியைப் பார்த்து நானே பேசிக்கறேன். எங்க அவங்க?"

"தொழுறாங்க," என்றாள் சுபைறா. பாக்கு வாயில் இருந்ததால் அது மாமியின் குரலிலேயே வந்து விழுந்தது.

அம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு கோப்பை. "இந்த ஊர்ல மாமியார் மருமக வீட்டுல இருக்கமாட்டாளாமே. டிரைவர் சொல்றான்."

இந்தக் கதை றஸாக்கின் வாயால் ஒவ்வொரு காருக்கும் பரவினால் கூரை மட்டுமா போகும், கடையே போய்விடும். பாக்கைக் கைக்குள் துப்பிக்கொண்டாள். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, "அண்ணனக் காருக்குள்ள காணல்லியே அம்மா," என்றாள்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே தோள் குலுங்கியது. சுபைறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்திலேயே குந்திவிட்டாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து முடிந்ததும் சங்கடம் பிடித்துக்கொண்டது. மாமியும் இல்லை, அண்ணாவும் இல்லை, நடுவில் பாய் மட்டும் கிடக்கிறது. அம்மாளுக்குக் குறைத்துக் கேட்க நா எழவில்லை. சுபைறாவுக்கோ பழைய வியாதி திரும்பிவிட்டது. இருபத்தைந்து என்று சொல்ல வாயைத் திறந்தவள், "நீங்க விரும்பினதத் தாங்க," என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை அடிக்கலாம் போல் நின்றாள். கூரை கல்முனைக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மாள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே விஷயம் அறிந்தவர். "நீ சொன்னா ஆகாது. உங்க மாமிகிட்ட கேட்டுச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, கடப்பைச் சாத்திக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சுபைறா பாக்கைக் கன்னத்தில் வைத்தாள். இருமினாள். "இருவத்தஞ்சு. ஊட்டுக் கூரை ஒழுகுது எண்டு சொல்லு புள்ள. அதுக்குக் கீழ ஒரு சதமும் ஏலாது."

துவாரத்தால் பார்த்தாள். அம்மாள் காருக்குப் போய்க் கூஜாவிடம் குனிந்தார். றஸாக் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு விரலைக் காட்டி, "வெளியில மூச்சு விடப்படாது," என்று அதட்டிவிட்டு அம்மாள் திரும்பி வந்தார்.

"அண்ணா சரின்னுட்டார்."

இருபத்தைந்து ரூபாய் வேலிக்கு மேலால் வந்தது. சுபைறா கொடியிலிருந்து ஒரு சின்னக் கொட்டைப்பெட்டியை எடுத்தாள். பன்னால் இழைத்த கைப்பிடியளவான வெற்றிலைப் பை அது. ஒரு கணம் யோசித்தாள். வாயிலிருந்த பாக்கை எடுத்து, செம்புத் தண்ணீரில் கழுவி, பெட்டிக்குள் போட்டு நீட்டினாள்.

"மாமி தந்தது. அண்ணனக் கூட்டிக்கிட்டு இன்னும் நாலு கடைக்குப் போவீங்கதானே."

கார் புறப்பட்டது. சுபைறா கடைசித் தடவையாகத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். பின் ஆசனத்தில் கூஜாவுக்குப் பக்கத்தில் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் புடைத்திருந்தது.

ஈர்க்கைச் செருகிவிட்டு உள்ளே போனாள் சுபைறா. பாக்குப் பானைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்து இருமிப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அதைப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்தாள்.