கட்டு போட்ட கையும் கம்பெனி ரூலும்

போன திங்கட்கிழமை காலை, எங்கள் கம்பெனி கேட்டில் என்னை உள்ளே விடவில்லை.

கொரோனா ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினால்தான் உள்ளே போகலாம். என் சர்ட்டிஃபிகேட் போனில் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை.

"நான் ஊசி போட்டது உங்களுக்கே தெரியுமே!" என்றேன், கேட்டில் உட்கார்ந்திருந்த ஆளிடம்.

"எனுக்கு எப்பிடி சார் தெரியும்? காட்டுனாத்தான தெரியும்? அந்தாண்ட போய் நில்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

நின்றேன். வேறென்ன செய்வது? அந்த ரூலைத் தமிழிலும் தெலுங்கிலும் டைப் செய்து, அதே கேட்டில் ஒட்டியவன் நான்தான்.

ஆனால் ஒன்று. நான் ஊசி போட்டது அந்த ஆளுக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பே இல்லை. ஊசி போட்ட அன்று ராத்திரி எனக்கு ஜுரம் ஏறியபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவர் அவர்தான்.

என் நைனா. அதாவது, என் அப்பா.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புத்தூரிலிருந்து நகரி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மாம்பழம், மாம்பழக் கூழ் டின்கள் எல்லாம் போகுமே, அந்த அட்டைப்பெட்டிகள் செய்கிறோம். நைனா அங்கே பல வருடமாக லோடிங் ஆள். கான்ட்ராக்ட் வேலை; ஆள் பிடித்துக் கொண்டுவருவது ஒரு மேஸ்திரி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான். அதே கம்பெனியில் ஹெச்.ஆர். அசிஸ்டென்ட்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே நைனா ஒரு ரூல் போட்டுவிட்டார். "கேட்டுக்கு வெளிய நீ என் புள்ள. உள்ள நீ சார், நான் லோடிங்கு முனுசாமி. அவன் நைனான்னு சலுகை காட்டறான்னு ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லக்கூடாது."

அதனால் புது மேனேஜர் பிரசாத் சாருக்கு நாங்கள் அப்பா பிள்ளை என்பதே தெரியாது. அவர் குண்டூர்க்காரர். திருப்பதியில் குடியிருக்கிறார். தமிழும் தெலுங்கும் கலந்து, இரண்டையும் சமமாகக் கஷ்டப்படுத்திப் பேசுவார். தங்கமான மனுஷன்.

சரி, லோடிங் முனுசாமிக்கு கேட்டில் என்ன வேலை? அங்கேதான் கதையே இருக்கிறது.

லாக்டவுனில் மூடிய கம்பெனியை மறுபடி திறந்தபோது ஹெட் ஆபீஸ் ஒரு மெயில் அனுப்பியது. இரண்டு வாரம் டைம். அதற்குள் ஒரு ஊசியாவது போட்டிருக்க வேண்டும். போடாதவர்களுக்கு கேட் திறக்காது.

அவ்வளவுதான்... கேன்டீன் சட்டசபை ஆகிவிட்டது.

"என் ஒடம்பு, என் இஷ்டம். கம்பெனிக்கு இன்னா?" என்றார் ஒருவர்.

"உன் மூச்சு உன்னோட நின்னா பரவால்ல. லாரிக்குள்ள என் மூஞ்சி மேலதான விடற?" என்றார் இன்னொருவர்.

உங்கள் ஆபீஸில் மட்டும் என்னவாம்? இதே சண்டையைத்தானே ஏசி ரூமில் போட்டிருப்பீர்கள்?

அவேர்னஸ் கிளாஸ் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ராத்திரியெல்லாம் படித்துத் தயார் செய்தேன். கிருமி எப்படி நுழைகிறது, ஊசி எப்படித் தடுக்கிறது — படம் போட்டுக் காட்டினேன். லோடிங் ஆட்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"ஜுரம் வருமா சார்?"

"ஒரு நாள், ரெண்டு நாள் வரலாம். பயப்படாதீங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்!" என்றேன், பெருமையாக.

எல்லா முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை நைனா வழக்கம்போல எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். நான் கம்பெனிக்குப் போய்ப் பார்க்கிறேன் — இடது கையில் புத்தூர் கட்டு!

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: கை கால் முறிந்தால் புத்தூருக்கு வந்து கட்டிக்கொள்வார்கள். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, அதன்மேல் துணி. எங்கெங்கிருந்தோ வருவார்கள். புத்தூர் கட்டு போட்டவனை எங்கள் ஊரில் யாரும் வேலை வாங்கவும் மாட்டார்கள், கேள்வி கேட்கவும் மாட்டார்கள். பஸ்ஸில் சீட் கிடைக்கும். சாலையில் போகிறவர்கள் எல்லாம் நின்று விசாரிப்பார்கள்.

நைனாவின் கை உடைந்திருக்க முடியாது. விடிகாலையில் அதே கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கிட்டே போனேன். கட்டுத் துணியில் பச்சிலை வாசனையும் இல்லை, முட்டை வாடையும் இல்லை. அம்மாவின் பழைய புடவை வாசனைதான் வந்தது.

லோடிங் ஆட்கள் எல்லாரும் புத்தூர், நகரிக்காரர்கள். பார்த்தவுடன் புரிந்துகொண்டார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பிரசாத் சார் மட்டும் பதறிப்போனார்.

"அய்யோ பெத்தாயனா! கையிக்கி ஏமைந்தி, என்னாச்சு?"

"வழுக்கி வுழுந்துட்டேன் சார். கட்டு பிரிக்கற வரைக்கும் ஊசி கீசி குத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

யாரும் அப்படிச் சொன்னதில்லை. அது நைனாவே அந்த நிமிடத்தில் கண்டுபிடித்த வைத்தியம்.

பிரசாத் சார் கண் கலங்கிவிட்டார். கட்டு பிரிக்கும் வரை ஊசி ரூலிலிருந்து விலக்கு. மூட்டை தூக்க வேண்டாம். லேசான வேலை கொடுங்கள்.

என்ன லேசான வேலை?

கேட்டில் உட்கார்ந்து, வருகிறவர்கள் நெற்றிக்கு நேரே டெம்பரேச்சர் மெஷினைப் பிடித்து, ஊசி சர்ட்டிஃபிகேட்டை செக் பண்ணும் வேலை.

அதாவது, கம்பெனியிலேயே ஊசிக்குப் பயந்து கட்டு போட்டுக்கொண்ட ஒரே ஆள், மற்றவர்கள் ஊசி போட்டார்களா என்று பார்க்கிறார்! இதை நான் கற்பனை செய்து எழுதினால் நீங்கள் நம்புவீர்களா?

அன்று சாயந்திரம் வீட்டில் சண்டை.

"இன்னா நைனா இது? ஒரு ஊசிக்கு இவ்ளோ பயமா?"

"ஊசிக்கு எவன்டா பயந்தான்? ஆணி குத்தனா புடுங்கிப் போட்டுட்டு மூட்ட தூக்கறவன் நானு."

"அப்புறம்?"

"ஊசி போட்டுக்கினு நீ இன்னா பண்ண? ரெண்டு நாளு போர்வ போத்திக்கினு, அம்மா அய்யான்னு மொனகிக்கினு கெடந்தியே, தெருவே வந்து பாத்துச்சே. நீ கெடக்கலாம். ஒனக்கு லீவு குடுத்தாங்கோ. நானு ஒரு நாளு படுத்தா, மேஸ்திரி என் எடத்துல வேற ஆள ஏத்திடுவான். கேட்டுக்கு வெளிய எத்தினி பேரு வேலைக்கி நின்னுக்கினுகீறான், பாக்கல? அப்புறம் எந்திரிச்சி வந்து எங்கடா நிக்கறது?"

இதற்குப் படம் போட்டு விளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கட்டுக்கு வோணும்னு முட்ட வேற வாங்கியாந்தாரு. நல்ல முட்டைய யாராச்சும் துணியில தடவுவாங்களா? பொரிச்சி வச்சேன். நேத்து நீயுந்தான துன்ன?"

ஆமாம். ருசியாகத்தான் இருந்தது.

மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால், யார் சொன்னது என்பார். நைனாவின் கட்டு அவிழும். பொய் சொன்ன ஆளுக்கு வேலை ஏது? சொல்லாவிட்டால், கட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அப்படியே கடைசித் தேதி வந்துவிட்டது. அதுதான் போன திங்கட்கிழமை. வாட்ச்மேன் ரூமில் போனை சார்ஜ் போட்டு, சர்ட்டிஃபிகேட்டைக் காட்டி ஒருவழியாக நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் லோடிங் ஆட்களில் பாதிப்பேரை நைனா வெளியே நிறுத்தியிருந்தார். கூடவே மூட்டை தூக்கியவர்கள். ஒரே தூக்குச் சட்டியில் டீ குடித்தவர்கள். ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பும்போது அவர் முகத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை நிறுத்தியபோது இருந்த அந்தக் குறும்பு அதில் இல்லை.

உள்ளே லாரிகள் வரிசையாக நின்றன. பெட்டி ஏற்ற ஆள் போதவில்லை. பிரசாத் சார் அவசரமாக மீட்டிங் போட்டார். மேஸ்திரி போனில் வந்து, "நாளைக்கே வெளியூர் ஆளுங்கள எறக்கிடறேன் சார். இவங்க வோணாம்" என்றார்.

இவங்க என்றால் எல்லாரும்தான். கட்டு போட்டவரும் சேர்த்து.

பிரசாத் சார் என்னைப் பார்த்தார். "ஏம் பாபு, வாள்ளகி அவேர்னஸ் லேதா? இன்னொரு கிளாஸ் எடுக்கறியா?"

எழுந்து நின்றேன்.

"அவங்களுக்கு அவேர்னஸ் எல்லாம் இருக்கு சார். லீவுதான் இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜுரம், மேஸ்திரி, பறிபோகிற இடம் — எல்லாம்.

"எவரு செப்பாரு? ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. யாரு சொன்னான்னு நான் சொல்லணும் கதா?"

"என் நைனா சொன்னாரு சார்."

"மீ நான்னாவா? அவருக்கு நம்ம கம்பெனி விஷயம் எட்லா தெரியும்?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். "அதோ, கேட்டுல இருக்காரே..."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு லாரி உள்ளே வந்துகொண்டிருந்தது. டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். நைனா லாரிப் படியில் தொற்றி ஏறி, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டெம்பரேச்சர் மெஷினை டிரைவர் நெற்றிக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார்.

இடது கையால். கட்டோடு. தோள் உயரத்துக்கு.

பிரசாத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "பாபு... ஆ செய்யி... அந்தக் கை..."

"உடையல சார். லீவு இல்லாததுக்குப் போட்ட கட்டு அது."

போச்சு என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பிரசாத் சார் சிரிக்கிறார்! மாஸ்க் மூக்கிலிருந்து நழுவுகிற அளவுக்கு. சிரித்து முடித்ததும் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஊசி போட்டு நேனு மூணு ரோஜு படுத்துட்டேன், பாபு. மூணு நாளும் டூட்டின்னுதான் போட்டாங்க. நான் கேக்கவே இல்ல."

அப்படியே போனை எடுத்தார். ஹெட் ஆபீஸோடு அரை மணி நேரம் தெலுங்கில், மேஸ்திரியோடு ஐந்து நிமிடம் அதைவிடக் காரமான தெலுங்கில். அதற்குப் பிறகு நான் புது நோட்டீஸ் டைப் செய்தேன். ஊசி போட்ட மறுநாள் எல்லாருக்கும் லீவு, கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட. அது டூட்டியாகவே கணக்கு. அவரவர் இடம் அவரவருக்கே.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஷெட்டிலேயே ஊசி கேம்ப். திங்கட்கிழமை திரும்பிப் போனவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வரிசையில் முதல் ஆள் முனுசாமி. நர்ஸம்மா கட்டைப் பார்த்துத் தயங்க, லோடிங் ஆட்களே சுற்றி நின்று அவிழ்த்தார்கள். புடவைத் துணி வந்தது... மூங்கில் பத்தை விழுந்தது... கை பளபளவென்று இருந்தது.

"எலும்பு கூடிடுச்சா முனுசாமிண்ணே?"

"ஊசியப் பாத்ததும் தானா கூடிச்சிப்பா!"

ரூல் போடுவது தப்பே இல்லை. ஊசி ரூலை இன்றைக்கும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் ரூலை எழுதுகிறவருக்கு ஜுரம் வந்தால் போர்வை இருக்கிறது. அந்தப் போர்வை எதிரே இருப்பவருக்கும் எட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம், இல்லையா?

கடைசியாக ஒன்று. புதன்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது நைனா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். அம்மா, அய்யா... அச்சு அசல் நான் முனகிய முனகல். பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"நைனா, ஜுரமே இல்லையே?"

போர்வை கண் வரைக்கும் இறங்கியது.

"ஊசி போட்ட மறுநாளு லீவுன்னுதான நோட்டீஸ்ல போட்டுகீது? ஜுரம் வந்தாத்தான் லீவுன்னு எழுதுனியா?"

எழுதவில்லை.

"அப்ப கெளம்புங்க. ரூலு ரூலுதான்... சார்."

வீட்டுக்குள் அவர் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.