மணல் வாளிக்குள் ரோபோ

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ரோபோ வந்தது. அட்டைப்பெட்டியில் வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு பச்சைத் தகடு, கை நிறைய வயர். இதுவா ரோபோ என்று அறிவியல் சாரைப் பார்த்தோம். "நீங்கதான் செய்யணும்" என்றார். அவருக்கும் அதுதான் முதல் தடவை என்பது எங்களுக்குத் தெரியாது.

பழைய தையல் அறையைக் காலி செய்து 'ரோபோ வகுப்பு' என்று போர்டு மாட்டினார்கள். போட்டிக்குப் போக மூன்று பேர் கொண்ட குழு. முத்துப்பாண்டி, ஜெயந்தி, நான். என் படிப்பைப் பார்த்துச் சேர்க்கவில்லை. கணக்கில் நான் நாற்பதைத் தாண்டியதில்லை. அப்பா காளவாசலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தார். அதனால் எனக்கு வயரைப் பல்லால் உரிக்க வரும். சார் அதைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

வேலை இதுதான். தரையில் வெள்ளை பிளக்ஸ் விரித்திருக்கும். அதில் வளைந்து வளைந்து ஒரு கறுப்புக் கோடு. வண்டி தானாகவே கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எது சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அது ஜெயித்தது. முதல் மாதம் எங்கள் வண்டி சுவரைத்தான் பிடித்துக்கொண்டு போனது. இரண்டாவது மாதம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மூன்றாவது மாதம் கோட்டில் போனது. சார் எங்களுக்கு வடை வாங்கித் தந்தார்.

போட்டி ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில். முதலில் வரும் குழுவுக்கு அடுத்த போட்டி சென்னையில். ரயிலில் கூட்டிப்போவார்கள். நான் அதுவரை ரயிலில் ஏறியதில்லை. எனக்கு ரோபோவைவிட ரயில்தான் பெரிதாக இருந்தது.

அன்று காலையில் அம்மா தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "எம்புட்டுப் பேரு வருவாக. கண்ணு பட்டுரும். கழுத்துத் தாயத்த மட்டும் கழட்டிராத."

மூன்று வயதில் எனக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தபோது கட்டிய தாயத்து. செம்பு. விரல் கணு நீளம் இருக்கும். பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். அங்கே என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லோரும் ரோபோவைத்தான் பார்ப்பார்கள். கண் படுவதென்றால் அதற்குத்தான் படும்.

காலேஜில் வண்டியை எடை போட்டு, புரட்டிப் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு நூல்கூடச் சேர்க்கக் கூடாது என்று சார் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன். பிறகு தூணுக்குப் பின்னால் போய்த் தாயத்தைக் கழற்றினேன். வண்டிக்கு அடியில் பேட்டரி இருக்கும். அதோடு சேர்த்து, கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே டேப் ஒட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

முதல் சுற்றில் எங்கள் வண்டிதான் முதல். முத்துப்பாண்டி குதித்தான். எனக்குத் தாயத்து வேலை செய்வது தெரிந்தது.

கடைசிச் சுற்று ஆரம்பிக்கும்போது அப்பா வந்தார். கடையிலிருந்து நேராக, கிரீஸ் பட்ட காக்கிச் சட்டையோடு. என் ரேங்க் கார்டு வாங்கக்கூட அவர் பள்ளிக்கு வந்ததில்லை. கயிறு கட்டியிருந்த இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள்.

விசில் அடித்தார்கள். வண்டி கிளம்பியது. மூன்று வளைவு முடிந்தது. நாலாவது வளைவில் ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. வண்டியின் விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

"போடா, போடா, என் தங்கம்ல, போடா" என்று முத்துப்பாண்டி தரையில் படுத்துக் கெஞ்சினான். அடுத்த விசில் வரை வண்டியை யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஜெயந்தி என் கையைப் பிடித்திருந்தாள். நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் நேரம் இருந்தது. கிளம்பினால் ஜெயிக்கலாம்.

கயிற்றைத் தாண்டி ஒரு ஆள் குதித்தார். காக்கிச் சட்டை.

அப்பா செருப்புக் காலோடு வெள்ளை பிளக்ஸில் ஓடிவந்தார். இடது கையால் வண்டியைத் தூக்கினார். வலது கையால் அடியில் எதையோ பிய்த்தார். மூலையில் தீயணைக்க வைத்திருந்த சிவப்பு மணல் வாளி இருந்தது. அதற்குள் வண்டியைத் தலைகீழாக அழுத்தினார். சக்கரம் மறையும்வரை அழுத்தினார்.

நடுவராக இருந்த மேடம் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். ஊதவில்லை. மூன்று மாதமாக நாங்கள் தரையில் வைக்கவே பயந்த வண்டி. அதை அப்பா குப்பை மாதிரி மணலில் புதைத்துவிட்டார். பிளக்ஸில் அவருடைய செருப்புத் தடம் வரிசையாக இருந்தது.

சார் ஓடிவந்தார். "அண்ணே! என்னண்ணே பண்ணிட்டீங்க?"

"தீப்பிடிக்கப் போற மாதிரி வாடை அடிச்சுச்சு சார்."

சார் வண்டியை வெளியே எடுத்தார். புகை இல்லை. கருகவில்லை. சக்கரத்திலிருந்து மணல் கொட்டியது. பேட்டரி மட்டும் சுட்டது. ஓடினால் சூடாகத்தான் செய்யும் என்று யாரோ சொன்னார்கள்.

"எங்கண்ணே வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "எனக்குத்தேன் தப்பாத் தோணிருச்சு சார். மன்னிச்சிருங்க."

மேடம் பலகையில் எங்கள் பள்ளியின் பெயருக்கு நேராகக் கோடு போட்டார். தாயத்து மணலுக்குள் போயிருக்கும் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியவில்லை என்று கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

முத்துப்பாண்டி அழுதுகொண்டே கேட்டான். "ஒங்கப்பா என்ன லூசா?"

"ஆமா" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். அப்பா நாலடி தூரத்தில் நின்றார்.

பஸ்ஸில் அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். காளவாசலில் இறங்கியதும், "ரோஸ்மில்க் குடிக்கிறியா தாயி?" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் அவர் கரண்டியால் சாப்பிட்டார். "என்ன, தொர இன்னைக்குக் கரண்டியில சாப்புடுறீக?" என்று அம்மா சிரித்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"எங்கடி தாயத்து?"

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா சொன்னார். "நான்தேன் கழட்டச் சொன்னேன். இனி வெறுங்கயிறு போதும்."

அம்மா இரண்டு நாள் சண்டை போட்டாள். சாமிமேல்கூட இந்த மனுசனுக்கு மதிப்பு இல்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் எப்போதுமே தேவைக்கு மேல் பேசியதில்லை. அதனால் வீட்டில் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

பத்தாவதோடு நின்றேன். இப்போது கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்கூட்டருக்குப் பேட்டரி அடுக்கிக் கட்டுகிறோம். முதல் நாள் சூப்பர்வைசர் அண்ணன் வாசலில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு நின்றார். "வளையல், மோதிரம், தாயத்து, எல்லாத்தையும் கழட்டிப் போட்டு உள்ள வாங்கம்மா."

"தாயத்து என்னண்ணே பண்ணும்?" என்று கேட்டேன்.

"செம்புதானம்மா. பேட்டரியோட ரெண்டு முனையிலயும் பட்டுச்சுன்னா அம்புட்டுத்தேன். மொதல்ல வாடை வரும், அப்புறம் வெடிக்கும். சாமி தாயத்துன்னு பேட்டரிக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று அப்பா கரண்டியால் சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வலது கையைக் காட்டச் சொன்னேன். காட்டினார். உள்ளங்கைக்குக் குறுக்கே வழவழவென்று ஒரு தழும்பு. விரல் கணு நீளம்.

"இது எப்பப்பா?"

"கடையில. சூட்டுக்கோல் பட்டுச்சு" என்றார். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு மணல் வாளியிலிருந்து அவர் முதலில் என்னிடம்தான் வந்தார். வலது கையை இறுக மூடியிருந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் ஓரடி பின்னால் போனேன்.