சித்தூருக்குப் போய்விட்ட காலடிப்பேட்டை வீடு

பிள்ளைகளே, உங்கள் அக்கா கப்பல் அதிகாரி ஆவதற்கு முன்பு, சென்னைக் காலடிப்பேட்டையில் இருக்கும் நம் வீட்டையே ஒருமுறை ஆந்திராவில் கொண்டுபோய் வைத்தாள். நீங்கள் அப்போது சின்னவர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

இப்போதுள்ள கப்பலில், நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல நாலைந்து கருவிகள் உண்டு. எல்லாம் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்பவை. ஆனால் பரீட்சை வைக்கும் பெரியவர்களுக்கு அவற்றின்மேல் நம்பிக்கை இல்லை. சூரியனைத்தான் நம்புவார்கள். செக்ஸ்டன்ட் என்ற கருவியால், கடலும் வானமும் சேரும் கடல் கோட்டிலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த நொடியின் மணியைக் குறித்துக்கொண்டு, தடித்த அட்டவணைப் புத்தகத்தில் தேடிக் கணக்குப் போட்டால், நிற்கும் இடம் வரும். வந்துவிட்டால் பாஸ். அப்புறம் ஆயுள் முழுக்க அந்தக் கருவியைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டியதில்லை.

வாய்மொழித் தேர்வில் அக்கா ஏற்கனவே ஒருமுறை இதில்தான் தோற்றிருந்தாள். மறு தேர்வுக்கு முந்தின நாள், சிநேகிதியிடம் இரவல் வாங்கிய செக்ஸ்டன்ட்டோடு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

"நைனா, இன்னிக்கும் தப்பா வந்தா நாளைக்கு நான் போவ மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் படிக்க வேண்டும் என்று வீட்டிலிருந்த போன்களை எல்லாம் உங்கள் அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆகவே நான் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறினேன். உங்கள் அம்மாவின் தம்பி, காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் உங்கள் மாமா எதிரே வந்தார்.

"இன்னா மாமா, கடியாரத்த தூக்கினு எங்க? சேட்டு கடைல அடகு வெக்கவா?"

"உன் அக்கா பொண்ணு வூடு எங்க கீதுன்னு கண்டுபுடிக்கறா."

"அட, என்னாண்ட கேட்டா நானே சொல்லுவேனே!"

எண்ணூர்ப் பக்கத்துப் புகை கொஞ்சம் விலகி, கடல் கோடு தெரிந்ததும் அவள் "இப்போ!" என்று கத்தினாள். நான் நொடி முள்வரை படித்துச் சொன்னேன். மத்தியானம் உச்சி வெயிலில் இன்னொரு அளவு. சூரியன் உச்சியில் நிற்கும் உயரமே வடக்கு தெற்கைச் சொல்லிவிடும்; அதற்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

கணக்கு வந்தது. வடக்கு தெற்கு அச்சாகச் சரி. கிழக்கு மேற்கில்தான் கோளாறு. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், நம் வீடு கடலைவிட்டு மேற்கே வெகுதூரம் போய், சித்தூருக்குப் பக்கத்தில் இருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "சித்தூர்ல மாம்பழம் நல்லா கீதும்மா. கப்பல்தான் போவாது."

அவள் சிரிக்கவில்லை. மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் சித்தூர். புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்கு இது வராது நைனா" என்றாள். எனக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கே வராது. சூரியன்மீது சந்தேகப்பட்டேன். இரவல் கருவிமீதும் சந்தேகப்பட்டேன். மடியில் வைத்திருந்ததன்மீது மட்டும் படவில்லை.

துணி எடுக்க வந்த உங்கள் அம்மா விஷயத்தைக் கேட்டாள்.

"யோவ், அந்தக் கடியாரத்தையா பாத்து சொன்ன? அது அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டுய்யா! நீ ஷிஃப்ட்டுக்கு நேரத்துக்குப் போவணும்னு நான்தானே ஏத்தி வச்சிகிறேன். ஊருக்கே தெரியுமே!"

எல்லோருக்கும் தெரியும்தான். எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். மணி பார்க்கும்போதே மனசுக்குள் ஐந்தைக் கழித்துவிட்டு, மெதுவாகக் காபி குடிப்பது நம் வீட்டுப் பழக்கம். அட்டவணை போட்ட வெள்ளைக்காரனிடம் அதை யாரும் சொல்லவில்லை. பூமி ஐந்து நிமிடத்தில் சித்தூர்வரை திரும்பிவிடுகிறது. அதற்குள் நான் ஷிஃப்ட்டுக்குப் பஸ் ஸ்டாப்பைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

அக்கா ஐந்து நிமிடத்தைக் கழித்து மறுபடி போட்டாள். வீடு கிழக்கே ஓடிவந்து, கரையைத் தாண்டி, கடலுக்குள் இரண்டு மைலில் நின்றது.

"இப்போ வூடு தண்ணில கீதே" என்றார் மாமா.

"கையால புடிச்ச அளவுக்கு ரெண்டு மைலு ஜாஸ்தி இல்ல மாமா. பாஸ் பண்ணிடுவாங்க" என்றாள் அவள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, என் வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டியா?" என்று கேட்டபடி கீழே இறங்கினாள்.