ரோஸ் நோட்டீஸ், நீல நோட்டீஸ்

கோடை வந்தால் திருப்பதித் தனியார் பள்ளிகளுக்குப் பிள்ளை பிடிக்க எங்கள் ஊரான நகரிக்கு ஆட்கள் வருவார்கள். மரியாதையான பெயர் பி.ஆர்.ஓ. அவர்களில் ஒருவரை மறக்க முடியவில்லை. நெற்றியில் சந்தனம், கழுத்தில் டை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பெரியவர்களின் தோல் செருப்பு கிடந்தால் பெண்கள் பள்ளியின் ரோஸ் நோட்டீஸ். ஷூ கிடந்தால் இருபாலர் பள்ளியின் நீல நோட்டீஸ்.

எங்கள் வாசலில் இரண்டுமே கிடந்தன. ரோஸை நீட்டினார்.

"பொண்ணுங்க மட்டும்தான் சார். டிசிப்ளின் கேரண்டி."

"எம் பொண்ணுக்கு கோ-எட்தான் வேணும்" என்றேன்.

"அதுவும் நம்மளதுதான் சார்! பசங்களோட படிச்சாத்தான் தைரியம் வரும்."

உள்ளே அப்பா இருமினார்.

"ஆனா கிளாஸ் தனி, மாடிப்படி தனி. பேசிக்கினு நின்னா டி.சி.தான்."

"அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வாசல் கேட்டு வேற சார்."

ஏழாவது முடித்திருந்த என் மகள் கேட்டாள்: "எதுல கிரவுண்டு இருக்குது?"

அவர் இரண்டு நோட்டீஸையும் முன்னும் பின்னும் புரட்டினார். அவற்றை அன்றுதான் முதல்முறையாகப் படித்திருப்பார் போல. பிறகு, என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்.

"ரெண்டுலயும் இல்லம்மா."

அடுத்த கோடையில் வேறு ஆள் வந்தார்.